காது மூடாத ரிசீவர்

குருஸ் மச்சாது கெட்டிக்காரர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கப்பல் இன்ஜின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ரேடியோ கற்றுக்கொள்ள வந்தார். தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு மொட்டைமாடி அறையில் அமெச்சூர் ரேடியோ கிளப் நடந்துகொண்டிருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தவர் இசக்கியம்மாள் டீச்சர். மச்சாதுவின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

கற்றுக்கொண்டது போதாதென்று சொந்தக் கையால் ஒரு ரிசீவரும் செய்தார். அது எப்பேர்ப்பட்ட ரிசீவர் என்கிறீர்கள்! மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போகும் தோணியில் அவர் மகன் டெல்வின் வேலை பார்த்தான். அவனும் லைசென்ஸ் வாங்கியவன். தோணியிலிருந்து ஒரு குட்டி செட்டில் பேசுவான். கிளப்பின் பழைய ரிசீவருக்குப் பிடிபடாத அந்த சன்னக் குரல், அப்பாவின் ரிசீவரில் அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். அந்தப் பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு விஷயத்தில்தான் அவருக்கும் டீச்சருக்கும் ஒத்துப்போகவில்லை. அதே அறையில்தான் கிளப்பின் டிரான்ஸ்மிட்டரும் இருந்தது. அதன் ஏரியலும் இவருடைய ஏரியலும் ஒரே மாடியில், பக்கத்தில் பக்கத்தில். இவ்வளவு கிட்டத்தில் நின்று டிரான்ஸ்மிட்டர் கத்தினால் நுணுக்கமான ரிசீவர் தாங்குமா? அதனால் டீச்சர் ரிசீவரின் வாசலில், பலத்த அலை வந்தால் உள்ளே விடாத இரண்டு டயோடுகளை வைத்து, ஒரு ரிலேயையும் மாட்டச் சொல்லியிருந்தார். டிரான்ஸ்மிட்டரின் பட்டனை அமுக்கினால் ரிலே டக்கென்று ரிசீவரின் காதை மூடும். பட்டனை விட்டால் திறக்கும்.

மச்சாதுவுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. வாசலில் இரண்டு பேரை நிறுத்தி வைத்தால் உள்ளே வருவதில் கொஞ்சத்தை அவர்கள் தின்னமாட்டார்களா என்று முணுமுணுப்பார். டீச்சர் சிரிப்பார். கழற்றிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்வார்.

அன்று காலை வானம் இருட்டிக்கொண்டு காற்று பிடித்தது. மச்சாது முதல் ஆளாக மாடியேறி ரிசீவரைப் போட்டார். டெல்வின் குரல் வந்தது. இன்ஜின் நின்றுபோயிற்று, காற்று தோணியை இழுத்துக்கொண்டு போகிறது, எந்த இடம் என்று பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிடுகிறேன் என்றான். அவ்வளவுதான். இடம் தெரிந்தால்தான் கடலோரக் காவல் படகு தேடிப் போக முடியும்.

பெற்ற மனசு வேறென்ன செய்யும்? மகன் பேச்சில் ஒரு எழுத்துகூடத் தவறக் கூடாது என்று, ஈயத்தை உருக்கி டயோடு இரண்டையும் கழற்றினார். ரிலேயையும் எடுத்துவிட்டு ஏரியலை நேரே ரிசீவருக்குள் சொருகினார்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடலோரக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். கடலில் இருந்த மற்ற தோணிகளுக்கும் காற்றுச் செய்தி போயாக வேண்டும். டிரான்ஸ்மிட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். வெளியே அடித்த காற்றில், ரிலே டக்கென்று சொல்லாததை அவரும் கவனிக்கவில்லை.

மச்சாதுவின் ஹெட்போனில் பட்டென்று ஒரு சத்தம். எங்கோ மின்னல் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஒரே சீரான இரைச்சல்.

மத்தியானம் வரை அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிற்று. மாதாவை வேண்டிக்கொண்டார்.

“டிரான்ஸ்மிட்டரை நிறுத்துங்க டீச்சர். உங்க சத்தத்துலதான் அவன் குரல் அமுங்கிப்போவுது.”

“மத்த தோணியிலயும் பிள்ளைங்க இருக்காங்க, அண்ணாச்சி.”

“அப்ப எம்பிள்ளை ஏன் பேச மாட்டேங்கான்?”

டீச்சர் எழுந்து வந்து ரிசீவருக்குப் பின்னால் போய் நின்றார். மச்சாது கண்ணை மூடி ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்தார்.

“இப்ப என்ன கேக்குது?”

“இரைச்சல். கடல் இரையுத மாதிரி.”

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

“இப்ப?”

“அதேதான்.”

“கண்ணைத் திறந்து பாருங்க.”

ஏரியல் வயர் டீச்சரின் கையில் இருந்தது.

ஏரியலைப் பிடுங்கினால் நல்ல ரிசீவரில் இரைச்சல் அடங்க வேண்டும். டீச்சர் நடத்திய முதல் பாடமே அதுதான். காலையிலிருந்து தான் கேட்டுக்கொண்டிருந்தது ரிசீவரின் சொந்த இரைச்சல் என்று மச்சாதுவுக்குத் தெரிந்துபோயிற்று. பிள்ளை கூப்பிட்டிருப்பான், நான்தான் பாழாக்கிவிட்டேன் என்று வாய்விட்டே அழுதார்.

டீச்சர் திட்டவில்லை. டிரான்ஸ்மிட்டரின் வீச்சில் கருகிப்போன டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தார். மேசையில் கிடந்த டயோடுகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார்.

“இதை நீங்களே வைங்க.”

“அவன் குரலைத் தின்னுராதா?”

“கத்துறவங்களைத்தான் இது கடிக்கும். டெல்வின் எங்கே கத்துறான்?”

மச்சாது கண்ணைத் துடைத்துக்கொண்டு டயோடுகளை வைத்தார். ரிலேயை மாட்டினார். ஏரியலைச் சொருகியதும் இரைச்சல் குப்பென்று ஏறியது. டீச்சர் மற்ற தோணிகளுக்குப் பேசினார். டக். ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. பட்டனை விட்டார். டக்.

“அப்பா, கேக்குதா? காலையிலேருந்து கூப்புடுதேன். நீங்க பேசி முடிச்ச உடனே, ஒவ்வொரு தடவையும் கூப்புடுதேன்.”

குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாகவே இருந்தது. டெல்வின் இடத்தைச் சொன்னான், இரண்டாவது முறையும் சொன்னான். மச்சாது அதை உரக்கச் சொல்ல, டீச்சர் அப்படியே போனில் சொன்னார். படகு உடனே புறப்படுகிறது என்று பதில் வந்தது.

டீச்சர் டிரான்ஸ்மிட்டரின் மைக்கை எடுத்து மச்சாதுவிடம் நீட்டினார். படகு வருகிறது என்று அப்பாவே சொல்லட்டும் என்றார்.

மச்சாது வாங்கினார். பெருவிரல் பட்டன் மேலேயே நின்றது. அமுக்கினால் ரிலே மூடிவிடும். இவ்வளவு நேரம் கழித்துக் கிடைத்த குரலைத் தன் கையாலேயே அடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

“நான் பேசுத நேரம் பார்த்து அவன் ஏதாவது சொல்லிட்டா?”

“சொல்ல மாட்டான், அண்ணாச்சி. நீங்க பேசுவீங்கன்னு அவன் வாயை மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கான்.”