தலையறுத்த ஸ்க்ரூ

“மூணு மாசமா ஸ்க்ரூவுக்கு மெழுகு தேய்ச்சுக்கிட்டே கெடக்கேன், மேஸ்திரி. வேலைய எப்பத்தான் சொல்லித் தருவீய?” என்று கேட்டார் தொபியாஸ்.

தொபியாஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேஸ்திரி பிரகாசிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனால் உடைந்த வள்ளத்தை ஒட்டித் தருவதில் அந்தக் கரையில் அவளை அடிக்க ஆளில்லை. வித்தைக்கு வயசா பார்க்க முடியும்?

“இதுதான் வேலை” என்றாள் அவள்.

உடைந்த இடத்தில் எபாக்சி பசை தடவிப் பலகையை வைத்து, பசை இறுகும்வரை ஸ்க்ரூ போட்டுப் பிடித்து வைப்பார்கள். இறுகியதும் ஸ்க்ரூவைக் கழற்றிவிட வேண்டும். மெழுகு தேய்த்த ஸ்க்ரூ சொன்னபடி கேட்கும். தேய்க்காதது பசையோடு சேர்ந்து இறுகிவிடும். அப்புறம் குரங்குப்பிடிதான்.

“ஒண்ணு ரெண்டுக்குத் தேய்க்காம விட்டா என்ன?”

பிரகாசி ஓரமாகக் கிடந்த ஒரு பலகையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். அதில் ஒரே ஒரு ஸ்க்ரூ இறுகிக் கிடந்தது.

“கழட்டுங்க, அண்ணே.”

அவர் மூச்சைப் பிடித்துத் திருகினார். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

அவள் சால்டரிங் கம்பியைச் சூடாக்கி, ஸ்க்ரூவின் தலையில் வைத்து அழுத்தினாள். பசை இளகி நாற்றமடித்தது. பிறகு திருகினாள். முரண்டு பிடித்த ஸ்க்ரூ சுழன்று வெளியே வந்துவிட்டது.

தொபியாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலை இல்லாட்டி?”

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

“தலை எப்படி இல்லாமப் போகும்? யாரு அறுத்தது?”

“நான்தான்.”

அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“என் தங்கச்சி மாப்பிள்ளை அருளப்பனோட வள்ளம். அரைகுறையாத் தெரிஞ்சத வச்சு நான்தான் ஒட்டிக் குடுத்தேன். ஒரு ஸ்க்ரூ மட்டும் கழட்ட வரல. தலைய அறுத்துட்டு, மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிட்டேன். உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு ஊதி, கடல்ல வச்சுப் பலகை பிச்சுக்கிச்சு. கரை ஒதுங்கின வள்ளத்த மொதல்ல பாத்தது நான். ஓட்டையச் சுத்தி ஒரே துரு. யாரும் பாக்குமுன்ன எரிச்சிட்டேன்.”

அருளப்பன் திரும்பி வரவே இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? குடித்துவிட்டுப் பாறையில் மோதினான் என்று முடிவு கட்டிவிட்டது. அவன் மனைவி ஞானப்பூவும் அதையே நம்பினாள். தொபியாஸ் நம்பவிட்டார்.

“எரிச்ச பெறவும் அது எனக்குள்ளயே கெடக்கு. அத இனி எப்படி எடுக்க, மேஸ்திரி?”

“சுத்தித் தோண்டித்தான் எடுக்கணும். பலகை நாசமாப் போகும்.”

“தோண்டாம விட்டா?”

பிரகாசி கம்பியின் சுவிட்சை அணைத்தாள்.

“மணி ஒண்ணாவுது. சாப்பிடப் போங்க.”

அவருக்கு மதியச் சாப்பாடு தினமும் தங்கை வீட்டில்தான். அது பிரகாசிக்கும் தெரியும்.

ஞானப்பூ சோறு போட்டாள். குழம்பில் கிடந்த பெரிய துண்டு மீனைத் தேடி எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள். சுவரில் அருளப்பனின் படம் முகம் தெரியாமல் திருப்பி மாட்டியிருந்தது. மாட்டியவள் அவள்தான்.

“நீ மட்டும் இல்லன்னா நான் நாதியத்துப் போயிருப்பேன், அண்ணே. அந்தக் குடிகாரப் பாவி என்னையப் பத்தி நெனச்சானா?”

தொபியாஸ் சோற்றில் கை வைக்கவில்லை. எழுந்துபோய்ப் படத்தை முகம் தெரியும்படி மாட்டினார்.

“என்னண்ணே செய்யுத?”

“அவன் மேல ஒரு தப்பும் இல்ல, ஞானப்பூ. அந்த வள்ளத்துல ஒரு ஸ்க்ரூ இருந்துச்சு.”