கொள்ளைக்கூட்டம் என்ற சொல்லுக்குப் பொருள்

"பாறையில இறங்குறவனுக்கு அவன் பொண்டாட்டியோட அண்ணன் தம்பிதான் கயிறு பிடிக்கணும். கூடப்பொறந்தவ தாலிக்குக் கேடு வர எவன் விடுவான்?" என்று தேனெடுக்கும் கெம்பன் ஒருமுறை சொன்னான். அரசவை விகடகவி கோதண்டன் அப்போதே கெம்பனின் தங்கை பொம்மியைப் பெண் கேட்டிருக்கலாம். ஆனால் விகடகவி வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிப்பார்கள். இதற்கும் சிரித்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே மூன்று வருடம் போயிற்று.

இதெல்லாம் முன்னொரு காலத்தில், சொற்களுக்குப் பொருள் எழுதிவைக்க ஓர் அரசனுக்கு ஆசை பிறந்தபோது நடந்தது. கோதண்டனைக் கண்டாலே ஆகாத மந்திரி, அவன் தேனெடுப்பவர்களைப் பார்க்க மலைக்குப் போய்வருவதை மோப்பம் பிடித்திருந்தார். 'கொள்ளைக்கூட்டம்' என்ற சொல் வந்ததும், "தலைவன் சொற்படி பலர் கூடி, பெயர் சொல்லி அழைக்காமல், பிறர் சேர்த்ததை எடுத்துப் பங்கிடுவோர்" என்று எழுதவைத்து அரச முத்திரையும் வாங்கினார். மறுநாளே கெம்பனையும் ஆட்களையும் கட்டி இழுத்துவந்தார். பாறையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கமில்லை. தேனீ சேர்த்ததை எடுத்துப் பங்கிடுவதும் உண்மை. எழுதியபடி எல்லாம் பொருந்திற்று. தண்டனை, கழு.

கோதண்டன் அரசன் முன் வந்து நின்றான்.

"அரசே, ஏட்டில் ஒன்று விட்டுப்போயிற்று. கொள்ளையர் சேர்ந்தே திருடுவர். ஆனால் ஒருவர் கையை ஒருவர் நம்பார். கோட்டை மதிலில் சோதித்துப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும்."

அரசன் தலையசைத்தான். கெம்பன் இடுப்பில் கயிறு கட்டினார்கள். அவன் மனைவியின் தம்பி பிடித்தான். கெம்பன் வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்தாமல் மதிலில் இறங்கி ஏறிவந்தான்.

அடுத்து மந்திரியின் முறை என்றான் கோதண்டன். கயிறு பிடிக்க மூன்று அதிகாரிகள் முந்திக்கொண்டு வந்தார்கள். அவர்கள் முகத்திலிருந்த ஆவலைக் கண்டதும் மந்திரி தமக்கு முதுகுவலி என்று உட்கார்ந்துவிட்டார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். தேனெடுப்பவர்களை அவிழ்த்துவிடவும், அந்த ஏட்டைத் திருத்தவும் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கோதண்டன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான்.

"எனக்கு வேண்டியது தங்களிடம் இல்லை, அரசே."

சபை சிரித்தது. கோதண்டன் சிரிக்கவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டு கெம்பன் பக்கம் திரும்பினான்.

"கெம்பா, பொம்மியை எனக்குக் கட்டிக் குடுப்பியா?"