நல்ல செல்கள்

குருவுக்கு நாற்பத்தொரு வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. சாஸ்திரம் இதைத் தடுக்கவில்லை. தேடிப் பார்த்ததில் பல்கலைக்கழக விதிகளும் தடுக்கவில்லை.

சீடர் இருதயராஜ், அறுவைச் சிகிச்சை மருத்துவர். மனைவி பிலோமினாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும், கத்தியை வைத்துவிட்டுப் பேராசிரியர் செண்பகவல்லியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். மருந்து சுமக்கும் நானோ துகளின் மேல் ஆப்டமர் என்னும் டி.என்.ஏ. இழையைப் போர்த்தினால், அது புற்றுச்செல்லைத் தேடிப் போய் ஒட்டும். சரியான இழையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

கோடிக்கணக்கான இழைகளைப் புற்றுச்செல்கள் மேல் ஊற்றி, ஒட்டியவற்றை மட்டும் எடுக்க வேண்டும். அவற்றை நல்ல செல்கள் மேல் ஊற்றி, அங்கே ஒட்டுகிறவற்றைக் கழிக்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு சுற்று.

ஒரு மதியம் இருதயராஜ் ஓடி வந்தார்.

"மேடம், பிடிச்சிருச்சு! உடும்புப் பிடி!"

உடும்பு எந்தச் சுவர் என்று பார்த்துப் பிடிக்குமா என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

"அதுக்குள்ள பன்னிரண்டு ரவுண்டுமா?"

"பன்னிரண்டும்."

செண்பகவல்லி நல்ல கல்லீரல் செல்கள் வளர்ந்திருந்த தட்டை எடுத்து, அந்த இழையை ஊற்றினார். அரை மணி நேரம் கழித்துக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தார்.

"பாருங்க."

இழையில் கோத்திருந்த பச்சைச் சாயம் தட்டு முழுக்க ஒளிர்ந்தது.

"எந்த ரவுண்டுல இருந்து நல்ல செல்லுல ஊத்திக் கழிக்கிறதை விட்டீங்க?"

"நாலாவதுல இருந்து." அவர் நிமிரவில்லை. "பாதி நாள் மிச்சமாச்சு மேடம். அவளுக்கு நாள் இல்ல."

"ம்."

"இதையே போட்டா? எப்படியும் அவ..."

"நோய் முடிக்கிறதுக்கு முன்னால நாம முடிச்சிடுவோம்."

"மறுபடி முதல்ல இருந்து?"

"இழை கிடைக்கவே எட்டு மாசம்."

"அவளுக்கு மூணு."

"தெரியும். கடைசியா அவங்களை எப்போ பார்த்தீங்க?"

"ஆஸ்பத்திரில இருந்து ரிப்போர்ட் தினமும் போன்ல வந்துடுது. நேத்து ஸ்கேன்கூட..."

"அவங்களை."

இருதயராஜ் மனதுக்குள் கூட்டினார்.

"பத்தொன்பது நாள்."

செண்பகவல்லி கையுறைகளைக் கழற்றினார்.

"நாலு மணிக்கு வார்டுல உள்ள விடுவாங்க. போங்க."

"போய் என்ன செய்ய, மேடம்? எனக்குத் தெரியாத எதுவும் அங்க இல்லையே."

"ரிப்போர்ட்ல கெட்டுப்போனது மட்டும்தான் இருக்கும், டாக்டர். மிச்சத்தைப் பார்த்துட்டு வாங்க."