ராஜா ஊர்வலம் போகாத இடம்

“குப்பையா? நம்ம ஊர்லயா? ஒரு கூடைகூட இல்லை மகாராஜா”ன்னார் கொத்தவால் திருமலைக்கொழுந்து. ஊரைச் சுத்தமா வெச்சுக்கிறது அவர் பொறுப்பு. கேள்வி கேட்டது செங்கழனி ராஜா குமாரபூபதி.

சபை நடுவுல வடிவம்மை நின்னா. வாணியத் தெருவுல ஆப்பம் சுட்டு விக்கிறவ. தெருவெல்லாம் நாறுது, ஆப்பத்துல தேங்காய்ப்பாலைவிட ஈதான் அதிகம்னு புகார் சொல்ல வந்திருந்தா.

“நானும் மாசாமாசம் யானைமேல ஊர்வலம் போறேன். ஒரு எச்சில் இலைகூடக் கண்ணுல பட்டதில்லையே”ன்னார் ராஜா.

“நீங்க வர்ற அன்னிக்கு இருக்காது சாமி. மத்த நாள்ல வந்து பாருங்க.”

“கேட்டீங்களா மகாராஜா? பொய்ப் புகார் சொன்னா ஊரை விட்டுத் துரத்தணும், அதுதான் சட்டம்”ன்னார் கொத்தவால்.

வடிவம்மை கணக்குப் போட்டுப் பாத்தா. அடுப்பு, சட்டி, ரெண்டு பிள்ளைங்க, இத்தனையும் தூக்கிட்டு எங்க போவா?

மந்திரி அம்பலவாணன் தொண்டையைச் செருமினார். அவருக்கு விஷயம் தெரியும். ஊர்வலத்துக்கு முதல் நாள், ராஜா எந்தத் தெரு வழியா வர்றார்னு தண்டோரா போடுறது பரம்பரை வழக்கம். அதைக் கேட்டதும் கொத்தவால் ஆளுங்க அந்தத் தெருக் குப்பையை அடுத்த தெருவுக்குத் தள்ளிடுவாங்க. ராஜா போனதும் அது திரும்பி வந்துரும். செங்கழனியில ராஜாவைவிட அதிகமா ஊர்வலம் போனது குப்பைதான். ஆனா இதைச் சொன்னா ராஜா சாட்சி கேப்பார்.

“நாளைக்கு விடிஞ்சதும் ஊர்வலம் போவோம் மகாராஜா. குப்பையை நான் காட்டறேன். காட்டலேன்னா இந்தம்மாவோட நானும் ஊரை விட்டுப் போறேன்.”

“போகலாம். ஆனா தண்டோரா போடாம என் யானை நகராது.”

“போடாம எப்படி? நானே போடச் சொல்றேன்.”

கொத்தவாலுக்குச் சிரிப்பு தாங்கல.

சாயங்காலம் தண்டோரா கேட்டுச்சு. “ராஜா நாளைக்கு எல்லாத் தெருவுக்கும் வர்றாரு. சந்து பொந்து ஒண்ணு விடாம வர்றாரு.”

கொத்தவால் சிரிப்பு அதோட நின்னுது. அடுத்த தெருவுக்குத் தள்ளலாம்னா, ராஜா அங்கயும் வர்றார். ஊருக்கு வெளிய கொட்டலாம்னா, கோட்டைக் கதவு பொழுதோட சாத்திட்டா விடிஞ்சுதான் தொறக்கும்.

விடிஞ்சுது. ராஜா யானைமேல ஊரெல்லாம் சுத்தினார். தெருவெல்லாம் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருந்துச்சு. அம்பலவாணன் பக்கத்துலயே நடந்து வந்தார். வாணியத் தெருவுல வடிவம்மை மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா.

“எங்கய்யா உன் குப்பை?”

“இன்னும் அரண்மனைக்குத் திரும்பலையே மகாராஜா. இன்னிக்குப் பின்வாசல் வழியா போவோம்.”

பின்வாசல் தொறந்துச்சு. யானை நின்னுடுச்சு. பாகன் அதட்டியும் நகரல. அரண்மனை நந்தவனத்தைக் காணோம். ஊரோட எச்சில் இலை, இளநீர் மட்டை, உடைஞ்ச பானை எல்லாம் அங்க மலையா நின்னுது. உச்சியில ஒரு ஆடு நிதானமா மேஞ்சுகிட்டிருந்தது.

ராஜா மூக்கைப் பொத்திக்கிட்டார். “இது எப்படிய்யா என் வீட்டுக்குள்ள வந்துச்சு?”

“கொத்தவாலைக் குத்தம் சொல்லக் கூடாது மகாராஜா. நீங்க ஊர்வலம் வராத இடமாப் பாத்து ஒதுக்கறதுதான் அவர் வழக்கம். இன்னிக்கு அப்படி ஒரு இடம் இதுதான் மிச்சம்.”

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. வாயைத் தொறந்ததும் நாத்தம் உள்ள போய் இருமலா முடிஞ்சுது. இருமிக்கிட்டே உத்தரவு போட்டார். “இனிமே தினமும் ஊர்க்குப்பை வண்டியில ஏறி, கோட்டைக்கு வெளிய உரக்குழிக்குப் போகணும். முதல் வண்டியைக் கொத்தவால் ஓட்டுவார். வடிவம்மையை மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்க. அம்பலம், உனக்கு என்ன வேணும்?”

“தண்டோராவை நிறுத்துங்க மகாராஜா, போதும்.”

“நிறுத்திட்டா, நான் எப்ப எங்க வருவேன்னு கொத்தவாலுக்குத் தெரியாதே.”

“குப்பைக்கும் தெரியாது மகாராஜா.”

அதுக்குள்ள குப்பை மலைக்குப் பின்னாலேர்ந்து சமையல்காரர் குரல் வந்துச்சு. “மந்திரி ஐயா, மடப்பள்ளிக் கதவு தொறக்கல. ராஜாவோட இட்லியும் நானும் உள்ள மாட்டிக்கிட்டோம். கொஞ்சம் வாங்க.”

அம்பலவாணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனார்.