கடலுக்கு அதிகாரியாக இருந்த நரி

கோடை வந்ததும் காட்டுக் குளத்தில் தண்ணீர் பாதியாகிவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்து இறங்கினால் குளம் சேறாகிவிடும். அதனால் மிருகங்கள் கூடிப் பேசிக் குளத்துக்குக் காவல் போட்டன. திங்கள் முதல் வெள்ளி வரை முள்ளம்பன்றி. சனியும் ஞாயிறும் மயில்கள்.

முள்ளம்பன்றியின் பெயர் சிலும்பி. காவல் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் அந்தக் காட்டில் கிடையாது. "வரிசையா வாங்க. குட்டியோட வந்தவங்க முதல்ல" என்று அது சொன்னால் காட்டுப்பன்றி கூட ஒதுங்கி நிற்கும். யாராவது இடையில் புகுந்தால் சிலும்பி முதுகு முட்களை ஒருமுறை சிலிர்த்துக் காட்டும். அவ்வளவுதான். எல்லாரும் குடித்துப் போன பிறகுதான் அது தண்ணீரில் வாய் வைக்கும்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் சிலும்பி தன் வளை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அப்போது அதன் நண்பன் கீரி ஓடிவந்தது. கீரியின் பெயர் வெடுக்கு. வெடுக்கு முதலில் ஒரு காரியத்தைச் செய்துவிடும். பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கும்.

"சிலும்பி, கடலுக்குப் போகலாமா?"

"எப்போ?"

"இப்போ."

"இப்போ எப்படி? வாசல் பெருக்கணும். கிழங்கு காயவைக்கணும். அடுத்த மாசம் பார்க்கலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன" என்றது வெடுக்கு. "நேத்து ஒரு நாரையைப் பார்த்தேன். கிழக்கே அரை நாள் நடந்தா கடல் வந்துடுமாம். அதோட தரை முடிஞ்சு போகுமாம்."

"தரை முடிஞ்சு போனா எங்கே நிக்கிறது?"

"அதைத்தான் போய்ப் பார்க்கணும்."

சிலும்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த ஈச்ச ஓலையைக் கீழே போட்டது. "திங்கட்கிழமை காலையில நான் குளக்கரையில இருக்கணும்" என்றது.

"நாளைக்குச் சாயங்காலமே கிளம்பிடலாம்."

இரண்டும் அந்த நிமிடமே புறப்பட்டன. வழியில் ஒரு பனங்காட்டைத் தாண்டின. விழுந்து கிடந்த குலையிலிருந்து நுங்கு தோண்டித் தின்றன. அப்புறம் வெள்ளையாக வெடித்துக் கிடந்த ஓர் உப்பு மண் வெளி வந்தது. அங்கே வெயில் சுட்டது. ஒன்று ஓடுவதும் மற்றது துரத்துவதுமாக அதையும் கடந்தன. உச்சிப்பொழுதில் ஏதோ ஒரு பெரிய மிருகம் மூச்சு வாங்குவதைப் போலச் சத்தம் கேட்டது. சிலும்பி நின்றது. வெடுக்கு அதைப் பின்னாலிருந்து தள்ள முடியாமல், சுற்றி முன்னால் வந்து, "வா, வா" என்று கூப்பிட்டது. இரண்டும் மணல்மேட்டில் ஏறின.

எதிரே கடல். இந்தப் பக்கம் பார்த்தாலும் கடல், அந்தப் பக்கம் பார்த்தாலும் கடல். சிலும்பி வாயைத் திறந்தபடி நின்றது. நெஞ்சுக்குள் ஏதோ பெரிதாக விரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மெல்லக் கேட்டது: "இவ்வளவு தண்ணிக்கு எத்தனை பேர் காவல் இருப்பாங்க?"

"காவலாவது ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டு வெடுக்கு சரிவில் இறங்கி ஓடியது.

"நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

தாழம்புதரிலிருந்து ஒரு நரி வெளியே வந்தது. அது நிதானமாக நடந்து வந்து அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே உட்கார்ந்தது.

"யாரைக் கேட்டு இறங்குறீங்க? இந்தக் கடலுக்கு அதிகாரி நான்தான்."

"கடலுக்கு அதிகாரியா?" என்றது வெடுக்கு. "யார் போட்டது உன்னை?"

சிலும்பி அதன் காதில் சொன்னது: "மரியாதையாப் பேசு. நம்ம குளத்துக்கே மூணு நாலு பேர் காவல் இருக்கோம். இத்தனை தண்ணிக்கு ஒருத்தர் இருக்கமாட்டாரா?" பிறகு நரியைப் பார்த்து, "ஐயா, நாங்க காட்டிலேர்ந்து வர்றோம். விவரம் தெரியாது. காலை நனைச்சுக்கலாமா?" என்று கேட்டது.

சொன்னதை நம்பிவிடும் ஆள் இது என்று நரிக்கு உடனே புரிந்துவிட்டது. முதலில் முள்ளம்பன்றியின் முகத்தைப் பார்த்தது. பிறகு தோண்டித் தோண்டி உரமேறிய அதன் நகங்களைப் பார்த்தது.

"நனைக்கலாம். அதுக்கு முன்னால நண்டு தோண்டிக் கொடுக்கணும். என் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். இங்கே அதுதான் வழக்கம்."

"கடல் உன் பேச்சைக் கேட்குமா?" என்றது வெடுக்கு.

நரி அண்ணாந்து வெயிலைப் பார்த்தது. உச்சி சாய்ந்துவிட்டது. கடல் எப்போது உள்வாங்கும், எப்போது ஏறி வரும் என்பது அதற்கு அத்துப்படி. அது கடலைப் பார்த்து முன்காலைத் தூக்கி, "போ, பின்னாடி போ" என்றது. "இப்போ உடனே தெரியாது. அது பெரிசு, மெதுவாத்தான் நகரும். நீங்க தோண்டிக்கிட்டே பாருங்க."

இருவரும் தோண்ட ஆரம்பித்தார்கள். நண்டுகள் குறுக்கே ஓடி ஏமாற்றின. ஒரு வளையைத் தோண்டினால் நண்டு அடுத்த வளையில் இருந்தது. நரி நிழலில் படுத்துக்கொண்டு, கொண்டுவந்து போட்டதைப் போட்டதுமே தின்றது. குவியல் எப்படி உயரும்? ஆனாலும் சிலும்பி நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் கடல் நிஜமாகவே பின்னால் போயிருந்தது. முதலில் நாலு அடி. பிறகு பத்து அடி. மாலைக்குள் கரையோரத்தில் ஒரு நீண்ட மணல்திட்டே வெளியே தெரிந்தது.

"பார்த்தியா?" என்றது சிலும்பி.

பொழுது சாய்ந்ததும் நரி எழுந்து உடம்பை முறித்தது. "இருட்டிப் போச்சு. இருட்டுல யாரையும் விடுறதில்லை. நாளைக்கு வாங்க."

இருவரும் தாழம்புதரின் மறுபக்கம் படுத்துத் தூங்கினார்கள். காலையில் எழுந்து நரியிடம் போனபோது அது மணலில் கிடந்த நண்டு ஓடுகளைக் காட்டியது.

"நேத்து தோண்டினது நேத்தோட சரி. இன்னைக்குப் புதுசாத் தோண்டணும்."

வெடுக்குவின் வால் குஞ்சம்போல விரிந்தது. "நான் ஊருக்குப் போறேன். உனக்கு இந்த நரிதான் முக்கியம்னா நீ இங்கேயே இருந்து தோண்டு."

"கொஞ்சம் பொறு, வெடுக்கு."

"எதுக்குப் பொறுக்கணும்? ஒரு வருஷமாக் கூப்பிட்டு உன்னைக் கூட்டிட்டு வந்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நேத்துப் பூரா மண்ணைத் தோண்டினோம்."

வெடுக்கு திரும்பிப் பார்க்காமல் மணல்மேட்டை நோக்கி நடந்தது. சிலும்பி மணலில் நகத்தை ஊன்றியபடி அப்படியே நின்றது. குளக்கரையில் தான் இத்தனை நாள் நின்ற நிலை அதற்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்களிடம் அது ஒரு கிழங்கு வாங்கியதில்லை. ஓர் இலை வாங்கியதில்லை. குடிக்க வந்த யாரையும் நாளைக்கு வா என்று சொன்னதுமில்லை. 'இவர் என்ன மாதிரி காவல் இருக்கிறார்?' என்று முதல்முறையாக அதற்குத் தோன்றியது.

"வெடுக்கு, நில்லு" என்று அது கத்தியது. "நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்."

வெடுக்கு மேட்டில் நின்றது.

அந்நேரம் நரி காற்று வாங்க மணல்திட்டின் கோடிவரை போய்ப் படுத்திருந்தது. நேற்று மாலை வரை உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. வயிறு பானைபோல இருந்தது. படுத்ததும் குறட்டை விட்டது. நேரம் பார்க்க மறந்துவிட்டது.

சிலும்பி நரியைப் புதரெல்லாம் தேடிவிட்டுக் கரைக்கு வந்தபோது கடல் ஏற ஆரம்பித்திருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்" என்று சிலும்பி கூப்பிட்டது.

நரி கண் விழித்தது. நாலு பக்கமும் தண்ணீர். துள்ளி எழுந்தது.

"ஐயா, கடலைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க. பக்கத்துல வந்து பேசணும்." சிலும்பி அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னது.

நரி கடலைப் பார்த்தது. பிறகு சிலும்பியைப் பார்த்தது. "போ" என்றது தயங்கித் தயங்கி. ஓர் அலை வந்து அதன் முகத்திலேயே அடித்துவிட்டுப் போனது.

"ஐயா, அது கேட்கலையே?"

"கேட்காது" என்று நரி அலறியது. "என்னைக்குமே கேட்டதில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. நான் தண்ணியில கால் வச்சதே கிடையாது. காப்பாத்துங்க!"

வெடுக்கு மேட்டிலிருந்து பாய்ந்து வந்தது. அதற்குச் சிரிப்பதா காப்பாற்றுவதா என்று தெரியவில்லை. ஆனால் சிலும்பி யோசிக்கவில்லை. மணல் முழுக்கப் படர்ந்திருந்த அடப்பங்கொடியில் நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேர் மண்ணிலேயே இருக்கும்படி விட்டு, நுனியை வாயில் கவ்வியது. நேராகத் தண்ணீரில் இறங்கிவிட்டது.

காலுக்குத் தரை எட்டவில்லை. 'முழுகப் போறேன்' என்று சிலும்பி கண்ணை மூடியது. ஆனால் முழுகவில்லை. முதுகின் முட்கள் உள்ளே காலியாக இருந்ததால் அதைத் தக்கைபோல மிதக்கவைத்தன. கண்ணைத் திறந்தபோது ஓர் அலை அதைத் தூக்கிப் பதமாக இறக்கியது. பயத்துக்கு நடுவிலும் சிலும்பிக்கு அது பிடித்திருந்தது.

நரி கொடியைப் பல்லால் கவ்விக்கொண்டது. கொடி அறுந்துவிடாமல் கரையில் வெடுக்கு வேருக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று வழி சொன்னது. நரி தண்ணீர் குடித்துக் குடித்துக் கொடியோடு நகர்ந்து கரை ஏறியது. சிலும்பி அதன் பின்னால் வந்தது.

நரி மணலில் விழுந்து இருமியது. வெடுக்கு அதன் மூக்கருகே போய் நின்றது. "இப்போ சொல்லு. கடல் யாரோடது?"

"யாரோடதும் இல்லை" என்றது நரி. "தினமும் ரெண்டு தடவை அதுவாப் போகும். அதுவா வரும். நான் நேரம் பார்த்து வச்சிருந்தேன். நண்டு தோண்ட எனக்குச் சோம்பல்."

சிலும்பி முட்களில் இருந்த தண்ணீரை உதறியது. பிறகு, "அப்போ நாங்க இறங்கலாமா?" என்று கேட்டது.

"யாரைக் கேட்குற?" என்றது வெடுக்கு.

சிலும்பிக்கே சிரிப்பு தாங்கவில்லை. இருவரும் ஒன்றாக ஓடிப் போய் அலையில் விழுந்தார்கள். சிலும்பி மல்லாந்து மிதக்க, வெடுக்கு அதைச் சுற்றி நீந்தி மூக்கில் தண்ணீர் பீய்ச்சியது. அலை வரும்போது குதித்தார்கள், போகும்போது துரத்தினார்கள். உப்பு வாயில் போய்த் துப்பினார்கள். நேற்று ஏமாற்றிய நண்டுகளோடு பக்கவாட்டில் ஓடிப் பந்தயம் வைத்துத் தோற்றார்கள்.

நரி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "நீயும் வா" என்று சிலும்பி கூப்பிட்டது. "இடம் நிறைய இருக்கு." நரி ஒரு காலை நனைத்துப் பார்த்தது. பிறகு இன்னொன்றை. அப்புறம் அதைக் கரையேற்றத்தான் அரும்பாடு பட வேண்டியிருந்தது.

மாலையில் இருவரும் கிளம்பி மணல்மேட்டில் ஏறும்போது எதிரே இரண்டு முயல்கள் வந்தன. அவை கடலைப் பார்த்து மிரண்டு நின்றன. கீழே நரியைக் கண்டதும் பணிவாகக் கேட்டன: "ஐயா, நாங்க காலை நனைச்சுக்கலாமா?"

நரி வாயைத் திறந்தது. மேட்டில் நின்ற சிலும்பியையும் வெடுக்குவையும் ஒருமுறை பார்த்தது.

"என்னை ஏன் கேட்கறீங்க?" என்றது. "இறங்குங்க. ஆனா திட்டுல படுத்துத் தூங்கிடாதீங்க."

எல்லாருக்கும் பொதுவான ஒன்றைத் தன்னுடையது என்று யாராவது சொன்னால், கைகட்டி நிற்பதற்கு முன்னால் 'அது எப்படி உன்னுடையது?' என்று கேட்டுவிட வேண்டும்.