நெற்றியில் ஏரிச்சேறு

முன்னொரு காலத்திலே, பேரேரிக் கரைக்குக் கீழே கிடந்த மருதவளம் என்ற நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், தூக்கத்தில்தான் அவனை மிஞ்ச ஆளில்லை. ஏரிக்கரை உடைந்தால் ஊரே முழுகிவிடும் என்பதால், மழைக்காலத்துக்கு முன்னால் வருஷாவருஷம் ஓர் ஒத்திகை நடக்கும். முரசு அடித்ததும் சனங்கள் மலைமேல் ஏற வேண்டும். ராஜா முதல்நாளே மேலே போய், விருந்தோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

இந்த வருஷ ஒத்திகை முடிந்ததும் தளபதி வீரகண்டன் சபையில் மீசையை முறுக்கினான்.

"முரசு நிற்பதற்குள் குஞ்சு குளுவான்கூட மலைமேலே ஏறிவிட்டது, மகாராஜா."

தளபதிக்குப் போர்த்த ராஜா பட்டுச் சால்வையைக் கையில் எடுத்தான். மந்திரி கொழுந்தப்பர் மெல்லக் கனைத்தார்.

"என்ன மந்திரியாரே, வயிற்றெரிச்சலா?" என்றான் தளபதி.

"எரிச்சல் இல்லை, பயம். ஏறினார்கள், சரி. என்ன கற்றுக்கொண்டார்கள்?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குறை இருந்தால் காட்டும். காட்ட முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைத் தளபதியிடம் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுப் போம்."

"அப்படியானால் ஓர் ஒத்திகையை நான் நடத்துகிறேன். நாள் சொல்லமாட்டேன். முரசு நிற்கும்போது மலையில் இல்லாதவர்கள் மூழ்கினவர்கள். அவர்கள் நெற்றியில் ஏரிச்சேறு பூசப்படும். பொழுது சாயும்வரை வாய் திறக்கக் கூடாது. இதை அரச ஆணையாக்க வேண்டும்."

"எனக்கும் சேர்த்தா?" என்று சிரித்தான் ராஜா.

"தண்ணீருக்குக் கிரீடம் தெரியாது, மகாராஜா."

சில நாள் கழிந்தன. வானம் மூடிக்கிடந்த ஒரு பகலில், உண்ட மயக்கத்தில் ராஜா படுத்திருந்தான். எங்கோ முரசு கேட்டது. யாராவது வந்து எழுப்பட்டும் என்று புரண்டு படுத்தான்.

விழித்தபோது அரண்மனையில் ஒரு சத்தமும் இல்லை. "யாரங்கே?" என்றான். எழுந்து வெளியே வந்தான். வாசலில் காவலர்கள் நின்றார்கள். நெற்றியெல்லாம் கறுப்புச் சேறு. அதட்டினான், அவர்கள் கண் அவனைத் தாண்டி எங்கோ பார்த்தது. ராஜாவுக்கு வியர்த்தது. நெற்றியைத் துடைத்தான். கையில் ஈரச்சேறு ஒட்டிக்கொண்டது.

வெறுங்காலோடு தெருவில் ஓடினான். வீடெல்லாம் திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, ஆளில்லை. மலையடிவாரத்தில்தான் அவர்களைக் கண்டான். ஊரே நின்றது. பிள்ளை இடுப்பில், மூட்டை தலையில், நெற்றியில் சேறு. முன்வரிசையில் தளபதியும் வாய்மூடி நின்றான்.

"எல்லோரும் இருக்கிறீர்களா? யாராவது ஒரு வார்த்தை பேசுங்களப்பா," என்று கெஞ்சினான் ராஜா. ஒரு குழந்தைகூட அழவில்லை.

மேலேயிருந்து மந்திரியின் குரல் வந்தது. "மூழ்கினவர்கள் பேசக் கூடாது, மகாராஜா. தாங்களும்தான்."

பொழுது சாயும்வரை செத்தவர்களோடு செத்தவனாக நின்றான் ராஜா. வெளிச்சம் போனதும் மந்திரி இறங்கி வந்தார்.

"என் நெற்றியில் எவன் கைவைத்தான்?"

"நான்தான். காவலர்கள்தான் மூழ்கிவிட்டார்களே, யார் தடுப்பது?" என்றவர், பூக்காரி செங்கமலத்தைப் பார்த்தார். "இத்தனை வருஷ ஒத்திகையில என்னம்மா கத்துக்கிட்ட?"

"மலைப்படியில ராசா கால் படாம எங்க கால் படக்கூடாதுங்களே சாமி. எப்பவும் அவரு மேல இருப்பாரு, ஏறுவோம். இன்னிக்கு அவரு வரல. காத்து நின்னோம்."

"தூங்குகிற ராஜாவை எழுப்பக் கூடாது என்பதும் சட்டமாச்சே," என்று முனகினான் தளபதி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருமே பிழைக்கவில்லையா?" என்றான் ராஜா.

"வெளியூர் உப்பு வியாபாரி ஒருவன் பிழைத்தான். நம் வழக்கம் தெரியாதவன். முரசு கேட்டதும் கழுதையோடு ஏறிவிட்டான்."

ராஜா சால்வையை வரவழைத்துக் கழுதையின் முதுகில் போர்த்தினான். மோதிரம் மந்திரியின் விரலிலேயே இருந்தது. இனி மலைப்படியில் ராஜாவின் கால்தான் கடைசி என்று ஆணை பிறந்தது. தளபதி அன்றிலிருந்து கழுதைக்கு வழிவிட்டே நடந்தான்.

அந்தக் கார்த்திகையில் கரை நிஜமாகவே உடைந்தது. மழையில் எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரிலிருந்து கடைசி ஆளாகப் படியேறினான் ராஜா. கீழே ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் இரைந்தது. மேலே ஒரே இருட்டு. அவனுக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது.

"எல்லோரும் இருக்கிறீர்களா?" என்றான்.

"இருக்கோம் சாமி," என்றது ஊர்.