நொச்சி முடி

"தாயே, எனக்கு முடி சூட்ட ஊரில் ஒரு கைகூட வரமாட்டேன் என்கிறது!"

வந்ததும் வராததுமாகக் கத்தினான் கொற்றன். ஒரு மாதம் முற்றுகையைத் தாங்கிய கோட்டைத் தலைவன். துறவி சாத்தி அவனைவிடப் பத்து வயது இளையவள்தான். ஆனாலும் அவனுக்கு அவளே குரு.

கோட்டையைக் காத்தவனுக்கு நொச்சிப்பூ முடி. அந்த நாட்டில் அதை அரசன் சூட்டமாட்டான். பிழைத்தவர்களில் ஒருவர்தான் சூட்டவேண்டும். சூட்டும்போது, 'இவர் அரசரிடம் சொன்னது மெய்' என்று சத்தியமும் பண்ணவேண்டும்.

"உச்சிப்பொழுதுக்குள் ஆள் கிடைக்காவிட்டால்?"

"என்னைப் பொய்யன் என்று மொட்டையடித்து எல்லை தாண்டி விரட்டுவார்கள்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"கதவை அடைத்தபோது வெளியே எத்தனை பேர்?" என்றாள் சாத்தி.

"பன்னிரண்டு பேர். விறகுக்குப் போனவர்கள். பின்னாலேயே பகைவர் குதிரைகள். நானூறு பேரைப் பார்ப்பேனா, பன்னிரண்டு பேரைப் பார்ப்பேனா?"

"அடைத்தது சரிதான்."

அப்பாடா! கொற்றனுக்கு மூச்சு வந்தது.

"அரசரிடம் என்ன சொன்னாய்?"

வந்த மூச்சு நின்றது.

"ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றேன்."

சாத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோட்டைக்கு உள்ளே போகவில்லைதானே, தாயே?"

பாருங்கள், மனுஷன் சாமர்த்தியத்தை! அதற்குத்தான் ஊரே அவனைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டது.

"நீங்களும் உள்ளேதானே இருந்தீர்கள்? நீங்களே சூட்டுங்கள். துறவி சொன்னால் அரசர் மறுபேச்சுப் பேசமாட்டார். உங்கள் காலில் விழுகிறேன்."

விழுந்தேவிட்டான். ஐம்பது வயதுக்காரன் அழுதான்.

"அன்றைக்குக் கதவைத் தட்டினார்களா?"

"தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். இன்னும் காதில் கேட்கிறது."

"பதின்மூன்று பேர், கொற்றா."

அவன் தலை தூக்கினான்.

சாத்தி முந்தானைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்து நீட்டினாள். ஒரு விரலிலும் நகம் இல்லை.

"நான் அகழிச் சேற்றுக்குள் கிடந்தேன். பகைவர் அந்தப் பன்னிரண்டு பேரையும் வெட்டிவிட்டு அப்பால் போனபிறகு எழுந்தேன்."

கொற்றன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரமாகிறது, புறப்படு. நானே சூட்டுகிறேன். அரசர் முன்னால் நான் என்ன சொல்லவேண்டும்? நீயே சொல்லிக்கொடு."